பிரண்டைக்கு ஒரு வாய்ச் சோறு

உக்காருங்கம்மா, உக்காருங்க. பைய மடியில வச்சுக்கிடுதேன், நீங்க நல்லாத் தள்ளி உக்காருங்க. எதுவரைக்கும் போறிய? தென்காசியா? நான் பாவூர்சத்திரத்துல எறங்கிருவேன். இந்த வண்டி உருட்டிக்கிட்டுப் போய்ச் சேர ஒரு மணி நேரமாவும். அதுக்குள்ள ஒரு சங்கதி கேக்கேன், தப்பா நெனைக்காதிய. இத மனசுக்குள்ள வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனா எனக்குச் சோறு எறங்காது.

ஒரு பிள்ளைய நீங்க வயித்துல பெத்த மவ மாதிரி வச்சிருக்கிய. உங்க தூக்குச்சட்டியிலதான் அவ கை நனைக்கா. ஒருநா அவள நம்பி ஒரு விசயத்தச் சொல்லுதிய, நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்னு. மறுநாளே அவ அதக் கொண்டு போயி மேல உள்ள சாருட்ட சொல்லி, கமிட்டில சொல்லி, கடைசியில புக்குலயும் எழுதிட்டா. இதுக்குப் பேரு என்னம்மா? கூட இருந்தே குழி பறிக்கிறதுன்னு எங்க பக்கம் சொல்லுவோம். உங்க பக்கம் வேற பேரு இருக்கா?

அப்படி என்ன பெரிய குத்தம் பண்ணினன்னு கேப்பிய. எலிக்குச் சோறு போட்டேன். அம்புட்டுத்தான். சிரிக்காதிய, கேளுங்க.

நான் வேல பாக்கது மருந்து காலேஜி. அதுல எலி ரூம்னு ஒண்ணு இருக்கு. வெள்ளெலி. நம்ம வீட்டுச் செவரோரமா ஓடுமே, அது இல்ல. இது பாலு மாதிரி வெள்ள, கண்ணு ரெண்டும் குன்னிமுத்து கணக்கா செவப்பு. புதுசா ஒரு மருந்து கண்டுபிடிச்சா மனுசனுக்குக் குடுக்கதுக்கு முன்னால இதுக்குக் குடுத்துப் பாப்பாவ. பதினாலு வருசம் அந்த ரூம் எங்கையிலதான். உமி மாத்துவேன், தண்ணி பாட்டில் கழுவுவேன், தீனி போடுவேன். குட்டி போட்டா எந்தத் தாயி வளக்கும், எது தின்னுரும்னு மூஞ்சியப் பாத்தே சொல்லிருவேன். பேரு மட்டும் வைக்க மாட்டேன். பேரு வச்சா பாசம் வந்துரும். பொறவு படிக்கிற பிள்ளைய வந்து கூண்டத் தூக்கும்போது நமக்குக் கை வராது. அதனால வாலுல கோடு போட்டு ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிடுதது.

மூணரை வருசத்துக்கு முன்னால ஜெபசீலின்னு ஒரு பிள்ள ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்து சேந்தா. சாத்தான்குளத்துக்காரி. தகப்பன் கெடையாது, தாய்க்காரி ஒரு பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கா. மொத நாளு எலியப் பாத்து நடுங்கிக்கிட்டு நின்னா. ஒண்ணு வெரலக் கடிச்சிட்டு. ரத்தத்தத் தொடச்சுவிட்டது யாரு? நானு. ஆஸ்டல் சாப்பாடு ஆவலன்னு அவ வயிறு காஞ்சு கெடந்தப்பம் சோறு போட்டது யாரு? நானு. அவளும் எக்கா, எக்கான்னு காலையும் கையையும் சுத்திக்கிட்டுத்தான் கெடந்தா. அப்பம் எனக்கு என்ன தெரியும்?

அவளுக்குப் படிப்புக்கு மேல இருக்கவரு குத்தாலிங்கம் சாரு. கைடுன்னு சொல்லுவாவ. அவரு சொல்லியிருக்காரு, நம்ம சனங்க திங்கிற செடி ஏதாவது ஒண்ண எடு, அதோட சாறு குடல வெரசா ஓட்டுதா, பைய ஓட்டுதான்னு எலிய வச்சுப் பாருன்னு. அதாவது சாப்பிட்டது எம்புட்டு நேரத்துல கீழ எறங்குதுன்னு ஒரு கணக்கு. இவ என்ன செடியெடுக்கன்னு தெரியாம ஒரு மாசம் முழிச்சா. ஒருநா மத்தியானம் எங்கூட உக்காந்து சாப்பிடும்போது பொலம்பினா. அன்னைக்கு நான் பிரண்டைத் தொவையல் கொண்டு போயிருந்தேன். "ஏட்டி, கையில வச்சுத் தின்னுக்கிட்டே என்ன செடின்னு கேக்கியே, இதையே எடு"ன்னேன். அவ அப்படியே என்னக் கெட்டிப் பிடிச்சிக்கிட்டா. "எக்கா, நீங்கதான் எனக்கு நெசமான கைடு"ன்னா. அவ வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பா. எனக்கு வெளையாட்டாத் தெரியல.

பிரண்டையும் நான் கொண்டாந்ததுதான். எங்க வீட்டு வேலி பூரா அதுதானே கெடக்கு. ஆறு கிலோ. நாரு உரிச்சு, துண்டு போட்டு, நானே குடுத்தேன். பிரண்டை கையில பட்டா எப்படி அரிக்கும்னு உங்களுக்குத் தெரியும்லா? நல்லெண்ணெயத் தடவிக்கிட்டுத்தான் தொட்டேன். அப்படியும் ரெண்டு நாளு கை எரிஞ்சிச்சு. அவ அத நெழல்ல காயப்போட்டு, பொடிச்சு, ஊறப்போட்டு, வடிகட்டி, காய்ச்சிக் காய்ச்சிக் கடைசியில தாரு மாதிரி ஒரு கைப்பிடி எடுத்தா. "எக்கா, ஆராய்ச்சி முடிஞ்சு புக்கு போடும்போது நன்றின்னு ஒரு பக்கம் உண்டு. அதுல உங்க பேரு வரும்"ன்னா. நான் கேக்கலம்மா, அவளாச் சொன்னா. எம்பேரு இதுவரைக்கும் அச்சுல ஏறினது ரேசன் கார்டுலயும் வோட்டர் லிஸ்டுலயும்தான். ஒரு புக்குல உலகம்மாள்னு வரப்போவுதுன்னா யாருக்குத்தான் ஆசை இருக்காது? எம்மவன்ட்ட சொன்னேன், மருமவட்ட சொன்னேன், பக்கத்து வீட்லயும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிட்டேன்.

இப்பம் அந்தச் சோதனை எப்படின்னு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. இது புரிஞ்சாத்தான் நான் பண்ணினது தப்பா இல்லையான்னு நீங்க சொல்ல முடியும். மொத நாளு சாயங்காலத்துலருந்து எலிக்குத் தீனி கெடையாது. தண்ணி மட்டுந்தான். மறுநாளு காலைல ஒம்பது மணிக்கு வளைஞ்ச ஊசி ஒண்ண வாய் வழியா விட்டு மருந்த நேரா வயித்துல ஊத்துவாவ. ஒரு கூண்டுக்கு வெறும் தண்ணி. ஒரு கூண்டுக்குக் கழிச்சல நிறுத்துத மாத்திரை. மத்த ரெண்டு கூண்டுக்கும் நம்ம பிரண்டை, ஒண்ணுக்குக் கொஞ்சம், ஒண்ணுக்குக் கூடுதலா. கூண்டுக்கு ஆறு எலி, மொத்தம் இருவத்துநாலு. பொறவு எல்லாத்துக்கும் கரித்தூளக் கரைச்சு ஊத்துவாவ. அர மணி நேரங்கழிச்சு... அதச் சொல்ல வேண்டாம், நீங்க ஏதாவது சாப்பிட்டுட்டு வந்திருப்பிய. குடல எடுத்து நீட்டி வச்சு, கரி எம்புட்டுத் தூரம் போயிருக்குன்னு அளப்பாவ. கருப்பு ரொம்பத் தூரம் போயிருந்தா அந்த மருந்து வெரசா ஓட்டுது. கொஞ்சமாப் போயிருந்தா பைய ஓட்டுது. அம்புட்டுத்தான் சோதனை.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லாக் கூண்டுலயும் தீனிய எடுக்கிற சோலி என்னுது. எடுத்துட்டேன். "இன்று உணவு கிடையாது"ன்னு அவ அட்டையில எழுதித் தொங்கப் போட்டிருந்தா. அதையும் பாத்தேன். நான் அட்டைய மீறிற ஆளு கெடையாது. அதுக்கு மரியாதை குடுத்து ஒரு ராத்திரி முழுக்க அந்தச் சீவனுவளப் பட்டினி போட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். மறுநாளு காலைல ஆறரைக்கு வந்து கதவத் தொறந்தா, எல்லாம் மொகத்தத் தூக்கிக்கிட்டு என்னப் பாக்குது. எனக்கு மனசு கேக்கல. விடிஞ்சாச்சுன்னா விரதம் முடிஞ்சிட்டுல்லா? ஊரு ஒலகத்துல எந்த விரதத்துக்கும் ஒரு முடிவு உண்டே.

அது மட்டும்னா நான் போட்டிருக்க மாட்டேன். பதினாலு வருசத்துல எத்தனையோ பட்டினி பாத்திருக்கேன், ஒருக்காகூடப் போட்டது கெடையாது. இது பிரண்டைம்மா! பிரண்டைய வெறும் வயித்துல யாராவது திம்பாவளா? நீங்க சொல்லுங்க. தொண்டையிலருந்து குடலு வரைக்கும் அரிச்சுப் புடுங்கிரும். நம்ம வீட்டுப் பிள்ளைக்குக் குடுத்தா சுடுசோத்துல நல்லெண்ணெய ஊத்தித்தானே பெசஞ்சு குடுப்போம்? படிச்ச பிள்ளைக்கு இது தெரியல. தெரியாத பிள்ளைக்கு நாமதானே பாத்துச் செய்யணும்? அதனால என் தூக்குச்சட்டியில இருந்த சோத்துல கொஞ்சம் எடுத்து, நல்லெண்ணெ விட்டுக் கொழையப் பெசஞ்சு, பிரண்டைக் கூண்டு ரெண்டுக்கும் ஆளுக்கொரு உருண்டை போட்டேன். என்னா ருசியாத் தின்னுச்சு தெரியுமா? ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு. தண்ணிக் கூண்டுக்குப் போடல. வெறும் தண்ணிக்கு என்னத்துக்குச் சோறு? மாத்திரைக் கூண்டுக்கும் போடல. வெறும் வயித்துல போடச் சொல்லுத மாத்திரை எம்புட்டோ இருக்கு. நான் யோசிக்காமச் செய்தவ இல்ல.

அன்னைக்குச் சோதனை முடிஞ்சு அளந்து பாத்தா, ஜெபசீலி வாயப் பொளந்துட்டா. பிரண்டை குடலை வெரசா ஓட்டும்னு அவ எதிர்பாத்திருக்கா. இங்க கரி பாதித் தூரங்கூடப் போகல. மாத்திரை குடுத்த எலிக்கும் பிரண்டை குடுத்த எலிக்கும் ஒரே அளவு. இரைப்பை வேற உப்பிக்கிட்டு இருக்கு. சாருக்குச் சந்தோசம்னா சந்தோசம். "பாத்தியா, உள்ள இருக்கத வெளிய விடாமப் பிடிச்சு வச்சிருக்கு. கழிச்சலுக்கு இது பெரிய மருந்தும்மா"ன்னு அவ முதுகுல தட்டிக் குடுத்தாரு. எனக்குக் கொஞ்சம் ஆச்சரியந்தான். நாங்க பசிக்கலன்னாத்தான் பிரண்டை சாப்பிடுவோம், கழிச்சலுக்குச் சாப்பிட்டதே இல்ல. ஆனா படிச்சவிய சொல்லும்போது நாம குறுக்க பேசக் கூடாதுல்லா?

கோயமுத்தூருல ஒரு பெரிய கூட்டம் போட்டாவ. அங்க போயி இதப் பேசி, ஜெபசீலி கேடயம் வாங்கிட்டு வந்தா. ஒரு பத்திரிகையிலயும் அச்சாச்சு. கேடயத்த நேரா எலி ரூமுக்குத்தான் கொண்டு வந்தா. "எக்கா, இது உங்களுக்குத்தான் சேரணும்"னு எங்கையில குடுத்து ஒரு போட்டோ எடுத்தா. அந்தப் போட்டோ இப்பமும் எங்க வீட்ல இருக்கு. கவுத்தி வச்சிருக்கேன்.

ஆறு மாசங்கழிச்சு, அதையே இன்னொருக்கா செய்யச் சொன்னாரு சாரு. ஒரு தடவ வந்தது ரெண்டாம் தடவையும் வந்தாத்தான் புக்குல சேப்பாவளாம். மறுபடியும் நாலு கூண்டு, ரெண்டு தடவைக்கும் சேத்து நாப்பத்தெட்டு எலி. நானும் மறுபடியும் பெசஞ்சு போட்டேன். ஒரு தடவ போட்டுட்டு மறு தடவ போடலன்னா ஓரவஞ்சனை இல்லியா? இந்தத் தடவ சாரு அவட்ட, "இரைப்பையில எம்புட்டு மிச்சம் இருக்குன்னு வெட்டி எடுத்து நிறுத்துப் பாரு"ன்னு சொல்லியிருக்காரு. அங்கதான் வெனை வந்துச்சு. வெட்டியிருக்கா. உள்ள சோத்துப் பருக்கை, கரி ஒட்டிக்கிட்டு. நல்லெண்ணெ வாடை வேற.

அவ வெளிய வந்தா. நான் பாட்டில் கழுவிக்கிட்டு இருக்கேன்.

"எக்கா, எலி வயித்துல சோறு இருக்கே."

"இருக்கத்தான் செய்யும். நான்லா போட்டேன்."

"எப்பம்?"

"காலைல வந்ததும்."

"எல்லாக் கூண்டுக்குமா?"

"நான் என்ன கோட்டிக்காரியா? பிரண்டை குடிக்கதுக்கு மட்டுந்தான் போட்டேன்."

"மொத தடவையும் போட்டியளா?"

"மொத தடவையுந்தான். எண்ணெ ஊத்தித்தான் போட்டேன். நீ பயப்படாத, அதுக்கு ஒண்ணும் ஆவாது."

அவ அப்படியே ஈரத் தரையில உக்காந்துட்டா. அழுதா. எனக்கு எதுக்கு அழுதான்னு வெளங்கல. எலி பாவம்னு இப்பந்தான் தோணிச்சாக்கும்னு நெனைச்சு நானும் பக்கத்துல உக்காந்து தலையத் தடவினேன். அப்பந்தான் சொன்னா, வயித்துல சோறு இருந்தா கரி அங்கனயே தேங்கி நின்னுருமாம். தடுத்தது பிரண்டை இல்லையாம், சோறாம். "எக்கா, எல்லாம் போச்சு"ன்னா. எனக்குப் பக்குனு ஆயிட்டு. "ஏட்டி, இது நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும். யாருட்டயும் சொல்லாத"ன்னேன். அவ தலைய ஆட்டினா. நெசமாத்தான் சொல்லுதேன், ஆட்டினா. எம்மருமவ சொல்லுதா, அழுதுக்கிட்டு இருக்கவளுக்குத் தலை ஆடத்தான் செய்யும், அத நீங்க சத்தியம்னு எடுத்துக்கிட்டியன்னு. அவளும் அந்தக் கட்சிதான்.

மறுநாளு பத்து மணிக்கு நேராப் போயி சாருட்ட சொல்லிட்டா.

நான் வராண்டாவுல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். குத்தாலிங்கம் சாரு எம்புட்டுத் தங்கமான மனுசன் தெரியுமாம்மா? அவ அம்புட்டையும் கொட்டினாப் பொறவும் கோவப்படல. அமைதியாச் சொன்னாரு, "பத்திரிகையில வந்தாச்சு, கேடயமும் வாங்கியாச்சு. சோறுங்கத நீயும் நானும் உலகம்மாளும் மறந்துருவோம். பழைய கணக்கையே எழுது, புக்க முடி"ன்னு. எப்படிப்பட்ட பேச்சு! ஒரு ஏழையோட வேலைக்கு ஆபத்து வந்துறக் கூடாதுன்னு நெனைக்காரு பாருங்க. என்னக் கூப்பிட்டும் சொன்னாரு, "நீ வாயத் தொறக்காத, ஒண்ணும் வராது"ன்னு. ஆனா அந்தப் பிள்ள கேட்டாளா? கண்ணத் தொடச்சுக்கிட்டு, "முடியாது சார், இத மருந்துன்னு நம்பி நாளைக்கு யாராவது குடிச்சா?"ன்னு கேக்கா. யாரு குடிக்கப் போறா? பிரண்டைய ஆரும் பாட்டில்ல குடிக்கிறாவளா? சாரு மொகம் அப்படியே கறுத்துட்டு. அன்னையிலருந்து அவரு அவட்ட சரியாப் பேசுததில்ல. அவளுக்குத் தேவைதான்.

பத்திரிகைக்காரனுக்கு எழுதி, அச்சானதத் திரும்ப எடுக்கச் சொல்லிட்டா. கேடயத்தையும் பார்சல்ல அனுப்பிட்டா. சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த கதைதான். அதோட விட்டாளா? மறுபடியும் மொதல்லருந்து செய்யப் போறேன்னு நின்னா. அங்க எலிய நெனைச்ச மாதிரி எடுத்துற முடியாதும்மா. ஒண்ணொண்ணுக்கும் கமிட்டில எழுதி வாங்கணும். எதுக்கு இன்னும் நாப்பத்தெட்டு எலின்னு அவிய கேட்டாவ. இவ உள்ளத உள்ளபடி எழுதிக் குடுத்துட்டா.

என்னையும் கூப்பிட்டு விசாரிச்சாவ. மூணு பேரு உக்காந்திருந்தாவ. போட்டியான்னு கேட்டாவ, போட்டேன்னேன். ஏன் போட்டன்னு கேட்டாவ, பிரண்டைய வெறும் வயித்துல குடுப்பாவளான்னு நானும் திருப்பிக் கேட்டேன். ஒருத்தரு மொகத்தத் திருப்பிக்கிட்டு சிரிச்சாரு. பொறவு ஜெபசீலி எழுதிக் குடுத்த கடுதாசிய ஆபீஸ் கிளார்க்கு எனக்குத் தமிழ்ல வாசிச்சுக் காட்டினாரு. என்ன எழுதியிருக்கா தெரியுமா? "எதற்காகப் பட்டினி போடுகிறோம் என்று உதவியாளருக்கு நான் விளக்கிச் சொல்லவில்லை. தவறு முழுவதும் என்னுடையது. அவர் மீது நடவடிக்கை வேண்டாம்." கேட்டியளா? பதினாலு வருசம் எலி பாத்தவளுக்கு வெளக்கிச் சொல்லணுமாம்! எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் ஒரு முட்டாளுன்னு மூணு பெரிய மனுசங்களுக்கு முன்னால எழுதிக் குடுத்துருக்கா. அன்னைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. அவளத் திட்டி எழுதியிருந்தாக்கூட நான் தாங்கியிருப்பேன்.

வேலைய விட்டுத் தூக்கல. ஆனா எலி ரூம்லருந்து மாத்திக் கண்ணாடிக் குப்பி கழுவுத எடத்துல போட்டுட்டாவ. எலி ரூமுக்குப் பூட்டு. சாவி அவட்ட. பதினாலு வருசமா கதவத் தொறந்ததும் என்னத் தேடி ஓடிவந்த சீவனுவ, இப்பம் நான் அந்த வராண்டாவுல நடந்து போனாக்கூட உள்ள எட்டிப் பாக்க வழியில்ல. என் வாடை தெரிஞ்சு கம்பியில ஏறி நிக்குமோ என்னமோ. அந்த நாப்பத்தெட்டுக்கும் அவ எடுத்த எலிய எது தெரியுமா? நான் இருக்கும்போது பொறந்த குட்டிய. கண்ணு தொறக்காம வெரலு தண்டிக்குக் கெடந்ததுலருந்து நான் பாத்தது.

செய்து முடிச்சா. ஒரு வருசம் ஆயிட்டு. நிச்சயம் பண்ணின கல்யாணம் தள்ளிப் போச்சு, மாப்பிள்ளை வீட்ல முறுக்கிக்கிட்டாவன்னு கேள்வி. அதுக்கு நானா பொறுப்பு? வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா இந்நேரம் இடுப்புல பிள்ளையோட நின்னுருப்பா. சரி, அம்புட்டுப் பாடுபட்டாளே, என்ன கண்டுபிடிச்சான்னு கேளுங்க. பிரண்டையும் ஒண்ணுதான், தண்ணியும் ஒண்ணுதான். வெரசாவும் ஓட்டலயாம், பையவும் ஓட்டலயாம். இத எழுதவா ஒரு வருசம்? தாயப் பழிச்சாலும் தண்ணியப் பழிக்கக் கூடாதும்பாவ. இவ தண்ணியையும் பழிக்கல, பிரண்டையத்தான் பழிச்சிட்டா. எங்க வீட்டு வேலியில மொளைச்சது.

இன்னைக்கு அவளுக்குக் கடைசிப் பரிச்சை. வெளியூருலருந்து ஒரு பெரியவரு வந்து எல்லாரு முன்னாலயும் கேள்வி கேட்டாரு. பாஸ் ஆயிட்டா. குத்தாலிங்கம் சாரு முன்வரிசையில உம்முனு உக்காந்திருந்தாராம், வந்த பெரியவருதான் எந்திச்சு நின்னு அவ கையக் குலுக்கினாராம். சோறு விசயத்த ஒளிக்காம எழுதினதுக்குப் பாராட்டாம். எனக்கு அங்க என்ன வேல? நான் குப்பி கழுவிக்கிட்டு இருந்தேன். மூணு மணிக்கு அவளா வந்தா. பட்டுச்சேலை உடுத்தியிருந்தா. ஒரு லட்டு டப்பாவும் புக்கும் கையில.

நான் லட்டத் தொடல. ஈரக் கையத் தொடச்சுட்டுப் புக்க வாங்கினேன். "எம்பேரு எங்க இருக்கு, காட்டு"ன்னேன்.

அவ புக்கத் திரும்ப வாங்கினா. நன்றிப் பக்கத்த எடுத்தா. ஆண்டவருக்கு நன்றி, அம்மாவுக்கு நன்றி, சாருக்கு நன்றி, ஆஸ்டல்ல கூட இருந்த பிள்ளைகளுக்கு நன்றி. எல்லாம் இங்கிலீசு, அவதான் வெரலு வச்சு வாசிச்சா. உலகம்மாள் இல்ல. "வேற எங்கயாவது இருக்கா?"ன்னேன். பொறவு உள்ள ஒரு பக்கத்தத் திருப்பினா. அதுல இருக்காம், முதல் நாப்பத்தெட்டு விலங்குகளில் சிலவற்றுக்கு உதவியாளர் ஒருவர் உணவளித்ததால் அந்த முடிவுகள் கைவிடப்பட்டனன்னு. எம்பேருக்குப் பதிலா நான் செஞ்ச சோத்தப் போட்டிருக்கா!

"எக்கா, முன்னால உங்க பேரப் போட்டா, பின்னால சோறு போட்டது யாருன்னு படிக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிரும். காலம்பூரா உங்க பேரு அதுல கெடக்கும். அதான் போடல"ன்னா. சால்ஜாப்பு. பேரு போடுதேன்னு சொன்னது நீயா நானா? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டு வெளக்கம் வேறயான்னு எனக்கு நெஞ்செல்லாம் கொதிச்சிச்சு. வாயில வந்ததச் சொல்லிட்டேன்.

"நான் சீவனுக்கு எரங்கி ஒரு வாய்ச் சோறு போட்டவ. நீ நாப்பத்தெட்டு சீவனக் கொன்னுட்டு, பட்டுச்சேலை கட்டிக்கிட்டு எனக்கு லட்டுக் கொண்டாந்திருக்க."

அவ கோவப்பட்டிருந்தா நான் தெம்பா நின்னுருப்பேன். கோவப்படல. தரையப் பாத்துக்கிட்டே சொன்னா.

"நாப்பத்தெட்டு இல்லக்கா. தொண்ணூத்தாறு."

எனக்குப் புரியல. "அது என்ன கணக்கு?"ன்னேன்.

"மொத நாப்பத்தெட்டுல முடிஞ்சிருக்கணும். அது செல்லாமப் போனதுனாலதான் இன்னொரு நாப்பத்தெட்டு. நீங்க சோறு போடலன்னா ரெண்டாவது கூட்டத்த நான் தொட்டே இருக்க மாட்டேன்."

அம்புட்டுத்தான் சொன்னா. திட்டல, ஒண்ணும் பண்ணல. லட்டு டப்பாவக் குப்பி மேடையில வச்சுட்டு எங்கைய ஒருக்காப் பிடிச்சா. நான் உதறிட்டேன். அவ போயிட்டா. நான் கொழாய மூட மறந்துட்டு நின்னுக்கிட்டே இருந்திருக்கேன், தண்ணி தரை பூரா ஓடிட்டு.

அந்தக் குட்டிய நாப்பத்தெட்டுக்கும் நான் பேரு வைக்கல. இருந்தாலும் ஒண்ணொண்ணாத் தெரியும்மா. காது ஓரம் கிழிஞ்சது ஒண்ணு. தண்ணி பாட்டில்ல மூக்க விட்டுத் தும்மிக்கிட்டே இருக்கும் ஒண்ணு. பஸ்டாண்டு வரைக்கும் நடந்து வந்தேன், இந்த வண்டியில ஏறினேன், உங்ககிட்ட பேசிக்கிட்டே வாரேன். ஆனா உள்ளுக்குள்ள அதுகள எண்ணிக்கிட்டேதான் வாரேன். எத்தன தடவ எண்ணினாலும் கொறைய மாட்டேங்குது.

பாவூர்சத்திரம் வந்துட்டா? எறங்குதேன். கொஞ்சம் கால எடுத்துக்கிடுங்க.

சாருட்ட சொன்னா, பொறுத்துக்கிட்டேன். கமிட்டில சொன்னா, அதையும் பொறுத்துக்கிட்டேன். புக்குல எழுதியிருக்கா, எழுதிட்டுப் போறா, எம்பேரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். எம்மா, ஊரு ஒலகத்துக்கே சொன்னவ இந்த ஒண்ண மட்டும் எங்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம்லா?